மதகோரத்தில் முளைத்த அல்லி

நரிமேட்டுக் குளத்தில் ஓர் இலைக்கோழிச் சேவல் வாழ்ந்தது. மிதக்கும் அல்லி இலைமேல் நடந்து, அதன்மேலேயே முட்டையிடும் இனம் அது. ஆனால் குளத்தில் ஓர் இலைகூட இல்லை! முட்டையிட இடம் தேடி அதன் பெட்டை அலைந்துகொண்டிருந்தது.

"அந்தக் காலத்தில் இலைமேல் நடந்தே மறுகரைக்குப் போவோம்! வெளியூர் வாத்துகள் வந்தன, எல்லாம் போச்சு!" என்று சேவல் தினமும் புலம்பியது.

"அல்லி காய்ந்தது கோடையில் அண்ணே! குளமே வற்றிக் கிடந்தது. அப்போது வாத்து ஏது?" என்றது கரையோரப் பொந்தில் இருந்த நண்டு.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது! அந்தக் காலம் நன்றாக இருந்தது. அதில் வாத்துகள் இல்லை. அவ்வளவுதான்!"

ஐப்பசி மழையில் குளம் நிறைந்தது. அன்றே வானத்தில் பட்டைத்தலை வாத்துகள் தெரிந்தன. அடேயப்பா, எத்தனை! நண்டு வாய்பிளந்து பார்த்தது.

"பனிமலைக்கு மேலே பறந்து வருகிறோம் ஐயா. இறக்கை ஓய்ந்துவிட்டது. கொஞ்சம் இளைப்பாறலாமா?" என்று கேட்டது தாய் வாத்து.

"நடுக்குளத்துக்கு வராதே! மதகோரச் சேற்றில் நின்றுவிட்டுக் கிளம்பு!" என்று சேவல் விரட்டியது.

தாய் வாத்து சொன்னபடியே இறங்கியது. மதகோரத்தில் நின்று தண்ணீர் குடித்தது. வழியில் இறங்கிய குளத்தில் காலில் ஒட்டிய சேற்றை உதறியது. பிறகு கூட்டத்தோடு வேறு குளம் தேடிப் போய்விட்டது.

சில வாரங்கள் கழித்து மதகோரத்தில் சின்னஞ்சிறு இலைகள் எட்டிப் பார்த்தன. அல்லி! இலைகள் தட்டுப்போல விரிந்தன. பெட்டை அவற்றின்மேல் நான்கு முட்டைகள் இட்டது. சேவல் ஆனந்தக் கூத்தாடியது.

"பார்த்தாயா! எங்கள் பழைய அல்லி திரும்பிவிட்டது!"

"பழையது இல்லை அண்ணே. அந்த வாத்து காலை உதறிய இடம் இது. சேற்றோடு விதை விழுந்ததை நான் பார்த்தேன்."

சேவலின் கூத்து நின்றது. "அப்படியானால்... அந்தக் காலத்து அல்லி?"

"அதையும் ஏதோ ஒரு கால்தானே கொண்டுவந்திருக்கும்!"

 அன்றுமுதல் சேவல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

பங்குனியில் வாத்துகள் வடக்கே திரும்பின. உயரத்தில், வானத்தின் குறுக்கே கோடு போட்டதுபோலப் பறந்தன.  சேவல் தன் நான்கு குஞ்சுகளும் திடுக்கிடும்படி கத்தியது:

"இறங்கிவிட்டுப் போங்கள்! நடுக்குளத்திலேயே இறங்குங்கள்!"

கோடு மெல்ல வளைந்து, குளத்தை நோக்கித் தாழ்ந்தது.

போன காலத்தை எண்ணி ஏங்குகிறவர்கள், அதன் நன்மைகளை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களும் ஒரு நாள் புதிதாய் வந்தவர்களே என்பதை மறக்கக் கூடாது.