கீறல் படாமல் கரையேறிய படகு

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே சங்குமுடி என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களுக்கு அறிவு கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறையவே இருந்தது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் இன்னாசி வீட்டுக்குப் புதிதாக ஒரு பைபர் படகு வந்தது. வெள்ளை உடம்பு, நீலக் கரை. வாங்கியது அவன் மனைவி பிலோமி, படகும் அவள் பேரில்தான் இருந்தது. முந்தைய படகு இன்னாசியிடம் பட்ட பாடு ஊருக்கே தெரியும். கடலிலிருந்து திரும்பினால் படகை இழுவை வண்டிமேல் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அவன் ஏற்றுகிற வேகத்தில் படகின் மூக்கு வண்டியின் இரும்பில் போய் முட்டும். முட்டி முட்டி ஒருநாள் அது வாய் பிளந்துவிட்டது.

அதனால் பிலோமி முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்தப் படகுல ஒரு கீறல் விழட்டும். எந் தம்பி வியாகுலத்துக் கையில குடுத்து அனுப்பிருவேன்."

இன்னாசிக்கு அந்தப் படகின் மேல் உயிர். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொடுவான். அது இல்லாத முற்றத்தை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே வெல்டிங் பட்டறைக்கு ஓடினான்.

பட்டறைக்காரர் நல்ல மனிதர். வண்டியின் முன்பக்கத்தில், படகின் மூக்கு வந்து நிற்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஒவ்வொரு கட்டை மாட்டிக் கொடுத்தார். படகு எந்தப் பக்கம் சாய்ந்து வந்தாலும் இந்தக் கட்டை தாங்கி நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிடும், இரும்பில் இடிக்காது என்று விளக்கினார். பிறகு சொன்னார்: "கட்டைக்கு மெத்துன்னு எதையாவது சுத்துங்க. படகை வண்டியில வச்சுக்கிட்டு, ரெண்டு பக்கமும் உள்ளங்கை நுழையுற அளவுக்கு எடம் விட்டு நட்டை முடுக்குங்க. கடல்ல வண்டிய நிறுத்துனதும் படகப் புடிச்சு இழுக்காதீங்க. அதுவா வந்து நிக்கும்."

இன்னாசி இதைச் செபம் போல முணுமுணுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். ஒரு சொல்கூட வழியில் சிந்தவில்லை.

உதவிக்கு அவன் கூட்டாளிகள் தொம்மையும் கஸ்பாரும் வந்தார்கள். தொம்மை சொன்னதைச் செய்பவன். கஸ்பார் யோசிப்பவன், ஊருக்கு அவனால்தான் அதிக நஷ்டம். மெத்தென்று சுற்ற வேண்டும் என்றதும் கஸ்பார் தன் கல்யாணத்துக்குச் சீராக வந்த இலவம்பஞ்சுத் தலையணைகளைக் கொண்டுவந்து கட்டையில் கட்டினான். கட்டிய பிறகு அவனுக்குக் கவலை வந்தது. படகைத் தலையணை காப்பாற்றும், தலையணையை யார் காப்பாற்றுவது? உப்புத்தண்ணீர் படாமல் அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றினார்கள். பிளாஸ்டிக் கிழியாமலிருக்க மேலே சாக்கு. சாக்கு சொரசொரப்பாக இருந்தது, படகுக்கு ஆகாது. அதனால் அதன்மேல் பிலோமியின் பழைய சேலை. முடிந்தபோது கட்டைகள் இரண்டும் விருந்துக்கு வந்து உட்கார்ந்த சம்பந்திகள் மாதிரி பருத்திருந்தன.

அடுத்தது இடைவெளி. தொம்மை படகின் மூக்குக்கு முன்னால் வண்டியில் ஏறி நின்று, கைகளை விரித்து, இந்தப் பக்கம் ஓர் உள்ளங்கை, அந்தப் பக்கம் ஓர் உள்ளங்கை என்று கட்டைக்கும் படகுக்கும் நடுவே நுழைத்தான். இன்னாசி நட்டை முடுக்கினான். அளவு அச்சாக அமைந்தது.

"கைய எடுக்கட்டா?" என்றான் தொம்மை.

கஸ்பார் பதறிப்போனான். "கைய எடுத்தா கை இருந்த எடமும் போயிருமே வே. அவரு எடம் விடச் சொன்னாரா, எடுக்கச் சொன்னாரா?"

இன்னாசி பட்டறைக்காரர் சொன்னதை மறுபடி முழுதாகச் சொல்லிப் பார்த்தான். கையை எடுக்கும்படி அதில் எங்குமே வரவில்லை. தொம்மைக்கும் அது நியாயமாகவே பட்டது. அவன் அப்படியே நிற்க, பிலோமி கஞ்சியை ஊட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒத்திகை பார்ப்பது என்று முடிவாயிற்று. அன்றைக்குப் பார்த்து வியாகுலம், தான் பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட பக்கத்து ஊரிலிருந்து வந்து இறங்கினான். தோளில் சுருட்டிய கயிறு ஒன்று தொங்கியது. படகைக் கட்டி இழுத்துப் போவதற்குத்தான். அந்தக் கயிற்றைப் பார்த்ததும் இன்னாசி படகை ஒட்டிப் போய் நின்றுகொண்டான். பிலோமி தம்பிக்கு மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே, சாப்பிட்டுவிட்டுப் பொறுமையாக இருக்கும்படி சொன்னாள்.

கடற்கரையில் படகைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, வண்டியை இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தினார்கள். வண்டியில் தொம்மை இரண்டு கட்டைகளையும் தொட்டபடி கைவிரித்து நின்றான். இன்னாசியும் கஸ்பாரும் ஒதுங்கி நின்று கைகட்டிக் காத்திருந்தார்கள், படகு அதுவாக வரட்டும் என்று.

படகு அதுவாகப் போனது.

"நாம பாத்துக்கிட்டே இருக்கோம்லா, அதுக்குக் கூச்சமா இருக்கும்" என்றான் கஸ்பார். மூவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தபோது படகு இன்னும் தள்ளிப் போயிருந்தது. இன்னாசிக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப் பிடித்து இழுத்துவிடலாம், ஆனால் இழுக்கக் கூடாதே.

கஸ்பார் நெற்றியைத் தேய்த்தான். "படகத்தானே இழுக்கக் கூடாதுன்னாரு. வண்டிய இழுக்கக் கூடாதுன்னு சொல்லலியே."

இப்படியும் ஒரு மூளையா என்று இன்னாசி அசந்துபோனான். இருவரும் வண்டியைத் தொம்மையோடு சேர்த்துப் படகை நோக்கி இழுத்தார்கள். போகப் போக ஆழம் கூடி, இழுத்தவர்கள் நீந்த, மேலே நின்ற தொம்மைக்கே தண்ணீர் தாடைக்கு வந்தது. அவன் கையை எடுக்கவில்லை, மூக்கை மட்டும் உயர்த்திக்கொண்டான். வண்டி இரும்பு, நீந்தத் தெரியாது, மூழ்கிவிடும் என்று கஸ்பார் பயந்தான். நீந்தத் தெரியாததைப் படகில் ஏற்றுவதுதானே முறை. கரையில் நின்றவர்கள் நீந்தி வந்து கைகொடுக்க, வண்டியைத் தூக்கிப் படகுக்குள் வைத்தார்கள். கீறல் விழாமல் அடியில் ஆளுக்கொரு சட்டையைக் கழற்றிப் போட்டுத்தான் வைத்தார்கள். வண்டியின்மேல் தொம்மை கைவிரித்தபடியே நின்றான்.

அலை அவர்களைக் கரைக்குத் தள்ளியது. மணல் நெருங்கியபோதுதான் இன்னாசிக்குப் பகீரென்றது. மணலில் உரசினால் கீறல் விழுமே. படகு வண்டியில் ஏற வேண்டும், வண்டியோ படகில் இருக்கிறது.

சங்குமுடிக்காரர்களுக்கு ஒரு வேலை மட்டும் பிசகாமல் வரும். மாதா திருவிழாவில் சப்பரம் தூக்குவது. நடுவழியில் சப்பரத்தைத் தரையில் வைக்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லவே இல்லை. உடனே கோயிலிலிருந்து சப்பரக் கழிகள் வந்தன. வடக்கயிற்றால் படகைக் கட்டி, வண்டியும் தொம்மையுமாகத் தோளில் ஏற்றி, ஊருக்குள் புறப்பட்டார்கள். தெருவில் நின்றவர்கள் பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவர் தொம்மையின் கழுத்துக்கு மாலை வீசினார், குறி தப்பவில்லை.

பிலோமி வாசலுக்கு வந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, குனிந்து படகுக்கு அடியில் நுழைந்தாள். மூக்கிலிருந்து பின்பக்கம் வரை தடவித் தடவிப் பார்த்தாள்.

வெளியே வந்து தம்பியைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு கீறல் இல்ல. படகு எங்களுக்குத்தான்."

இன்னாசிக்குக் கண் நிறைந்தது. தோளில் கழி இருந்ததால் துடைக்க முடியவில்லை.

"சரி, எறக்குங்க" என்றாள் பிலோமி.

யாரும் அசையவில்லை. இன்னாசி தயங்கித் தயங்கிச் சொன்னான்: "எப்படி எறக்க? தரைக்கு இன்னும் கட்டை மாட்டலியே."

பிலோமியும் சங்குமுடியில் பிறந்தவள்தான். அவளுக்கு அது சரியாகவே பட்டது. பட்டறைக்குப் போய் வர ஓர் ஆள் வேண்டும். தூக்குகிறவர்கள் போக முடியாது. "நான் போறேன் மதினி" என்று தொம்மை கைகளை எடுத்துக்கொண்டு குதித்து இறங்கினான்.

ஊரே திகைத்துக் கட்டைகளைப் பார்த்தது. கை போய்விட்டது, இடம் அப்படியே இருந்தது. கஸ்பார் தலையை ஆட்டினான். "நம்பக் கூடாது மக்கா. நாம பாக்குற வரைக்குந்தான் நிக்கும்."

"தம்பி, நீ ஏறி நில்லு" என்றாள் பிலோமி. வியாகுலம் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அக்காள் சொல்லைத் தட்ட முடியாமல், தோளில் கயிறோடு மேலே ஏறிக் கைகளை விரித்து நின்றான்.

தெருமுனை வரை போன தொம்மை திரும்பி நின்று கேட்டான்: "மதினி, பட்டறைக்காரரு தரை எம்புட்டு அகலம்னு கேப்பாரே. என்ன சொல்ல?"

பிலோமி சற்று யோசித்தாள். பிறகு கழி தூக்கியவர்களுக்குக் கையைக் காட்டினாள்.

"நடங்க, அளந்துட்டு வந்துருவோம்."

படகு மறுபடி நகர்ந்தது. கிழவர் இன்னொரு மாலை எடுத்துவர உள்ளே ஓடினார்.