மைத்துனர் பிடித்த கயிறு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். காலையில் தின்றது செரிக்காவிட்டால் அவருக்குப் புதுச் சட்டம் போடத் தோன்றிவிடும். அன்று பார்த்து அதிரசத்தை ஒரு கை பார்த்திருந்தார். சபையிலோ மந்திரி மருதவாணர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"அரசே, தேன்மலைக்காரர்கள் தங்கள் காட்டைத் தாங்களே ஆள்கிறார்கள். நம் அதிகாரிகள்கூட அவர்களைக் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் ஆற்றுநாடு என்ன பாவம் செய்தது? எங்களுக்கும் அதே உரிமையைக் கொடுங்கள். முடியாதென்றால் அவர்களுடையதையும் பறித்துவிடுங்கள்."

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. விதூஷகன் பூவரசன் பக்கம் திரும்பினார். "பூவரசா, நாளைக்குள் ஆற்றுநாட்டுக்கும் அதே உரிமையைக் கொடுத்துக் காட்டு. இல்லாவிட்டால் மலையின் உரிமை ரத்து!"

பூவரசன் பிறந்ததே அந்த மலையில்தான். காடு கைவிட்டுப் போனால் அவன் சனங்களின் பிழைப்பும் போய்விடும். மந்திரிக்கோ அங்கிருந்த சந்தன மரங்கள்மேல் வெகுநாளாக ஒரு கண்.

மறுநாள் அரண்மனைக் கோபுரத்து உச்சியிலிருந்து ஒரு நீளக் கயிறு தொங்கியது. மேலே ராஜாவும் சபையும், ஆற்றுநாட்டிலிருந்து சாட்சிக்கு வந்தவர்களும் கூடியிருந்தார்கள்.

"உரிமை தயார், மந்திரியாரே," என்றான் பூவரசன். "காட்டை ஆளும் தலைவர் ஆண்டுதோறும் பாறையுச்சியிலிருந்து கயிற்றில் இறங்கித் தேனெடுத்து அரசருக்குக் கொடுக்க வேண்டும். அதுதான் மலையோடு செய்த ஒப்பந்தம். உங்கள் நாட்டில் பாறை இல்லை, ஆகவே கோபுரம். தேன்கூடு கீழே இருக்கிறது."

மந்திரி எட்டிப் பார்த்தார். தலை சுற்றியது. "கயிற்றை யார் பிடிப்பது?"

"மனைவியின் அண்ணன்தான். தங்கையின் தாலிக்காகவாவது அவன் கயிற்றை விடமாட்டான் என்பது எங்கள் வழக்கம்."

மந்திரியின் மைத்துனர் சேனாதிபதி வில்லவராயர். மாந்தோப்புத் தகராறில் இருவருக்கும் பேச்சே கிடையாது. அவர் மலர்ந்த முகத்தோடு வந்து கயிற்றைப் பற்றினார். "பயப்படாம இறங்குங்க மாப்பிள்ளை. நான் இருக்கேன்ல?"

மந்திரி ராஜாவின் காலில் விழுந்தார். "மலையின் உரிமை மலைக்கே இருக்கட்டும் அரசே! எங்களுக்கு வேண்டாம்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படியானால் ஆற்றுநாட்டுக்கு என்னதான் வேண்டும்?"

சாட்சிக்கு வந்த உழவர் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். "வெள்ளம் வந்தா மதகு தொறக்க அரண்மனை உத்தரவுக்குக் காத்துக் கெடக்கோம் சாமி. உத்தரவு வர்றதுக்குள்ள பயிரெல்லாம் முங்கிப் போவுது."

"இனி மதகு உங்கள் பொறுப்பு!" என்றார் ராஜா. பூவரசன் கழுத்தில் முத்துமாலையைப் போட்டு, "உன் மலைக்காரர்கள் நாளைக்கு மதகு கேட்டு வந்துவிட மாட்டார்களே?" என்று கேட்டார்.

"வரட்டும் அரசே. வெள்ளத்தில் இறங்கி மதகுப் பலகையைத் தூக்கச் சொல்லுங்கள். வந்த வழியே மலையேறிவிடுவார்கள்."

சபையே சிரித்தது. சேனாதிபதிக்கு மட்டும் கயிற்றைக் கீழே வைக்க மனமே வரவில்லை.