சீட்டில்லாமல் வந்த ஆசாமி

சிப்பித்தீவு என்று ஒரு ராஜ்ஜியம். ராஜ்ஜியம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அடுப்பில் உலை வைத்துவிட்டுக் கிளம்பினால், நாட்டை ஒரு சுற்று சுற்றிவந்து கஞ்சி வடித்துவிடலாம். ஆனால் ராஜா இருந்தார். பவளசேனர் என்று பெயர். ராஜா இருந்தால் அமைச்சர் இல்லாமலா? கடம்பராயர் இருந்தார்.

கடம்பராயர் ஒருமுறை கடல் கடந்து ஒரு பெரிய நாட்டுக்குப் போனார். அங்கே துறைமுகத்தில் அவரை நாள் முழுக்க வெயிலில் நிற்கவைத்து, நீ யார், எதற்கு வந்தாய், எப்போது போவாய் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். வேறொருவராக இருந்தால் அவமானப்பட்டுத் திரும்பியிருப்பார். இவரோ அசந்துபோய்த் திரும்பினார்.

"பெரிய நாடு என்றால் அப்படி இருக்க வேண்டும், மன்னா! நம் துறையில் கேள்வி கேட்க ஒரு ஆள் இல்லை. அதனால்தான் நம்மை ஒருவனும் மதிப்பதில்லை."

ராஜாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. மறுநாளே சட்டம் வந்துவிட்டது. தீவுக்குள் நுழைகிறவர் கையில் நுழைவுச் சீட்டு இருக்க வேண்டும். இன்றைக்கு நாம் விசா என்கிறோமே, அதேதான். எந்த நாட்டான், எங்கே தங்குவான், மடியில் பொன் இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பிப் போகும் தேதி என்ன? ஒன்று குறைந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பப்படுவான். யாராவது விலக்குக் கேட்டு வாயைத் திறந்தால் அவனையும் அதே படகில் ஏற்றிவிடச் சொல்லி ராஜா உத்தரவு போட்டார்.

அந்த நேரத்தில் அரசி செங்கமலம் நிறைமாதக் கர்ப்பிணி. தீவில் இருந்த ஒரே மருத்துவச்சி போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். ஆகவே அக்கரையிலிருந்து பேச்சியம்மாளை வரவழைத்தார்கள். அவள் படகு கரை தட்டியதும் துறைமுக அதிகாரி முன்னால் வந்து நின்றான்.

"எத்தனை நாள் தங்குவாய்?"

"புள்ள பொறக்குற வரைக்கும் சாமி."

"அப்படிச் சொல்லக் கூடாது. தேதி வேண்டும்."

"அத நானா சொல்ல முடியும்? புள்ளையில்ல சொல்லணும்!"

"அப்படியானால் பிள்ளையிடம் எழுதி வாங்கிக்கொண்டு வா" என்றான் அந்தப் புத்திசாலி. பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் ராஜாவிடம் போனது. "சோதிடர் அடுத்த வாரம் என்றுதானே சொல்லியிருக்கிறார்? அதற்குள் ஊருக்குப் போய்ச் சீட்டு வாங்கி வரட்டும். என் வீட்டுக்காகச் சட்டத்தை வளைத்தால் எவன் என்னை மதிப்பான்?" என்றார் ராஜா. கடம்பராயர் பலமாகத் தலையாட்டினார்.

வலி சோதிடரைக் கேட்டா வரும்? அன்று மத்தியானமே அரசிக்கு இடுப்புவலி கண்டுவிட்டது. தோழி அழுதுகொண்டே ஓடிவந்து நக்கண்ணனிடம் சொன்னாள். நக்கண்ணனுக்கு அரண்மனையில் என்ன உத்தியோகம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் அவன் வராத நாளில் ராஜாவுக்குச் சாப்பாடு இறங்காது. அவனுக்கும் பதறியது. இரண்டு உயிர்! ஆனால் விலக்கு என்ற வார்த்தை வாயில் வந்தால் படகு. ஒரு நொடி யோசித்தான். பிறகு சபைக்குள் ஓடினான்.

"மன்னா! ஒரு ஆசாமி சீட்டில்லாமல் உள்ளே நுழையப் பார்க்கிறது!"

"என்ன துணிச்சல்! எந்த நாட்டான்?" என்றார் ராஜா.

"யாருக்கும் தெரியாது. கேட்டாலும் சொல்லாது, அழும்."

"நடிப்பு!" என்றார் கடம்பராயர். "மடியில் பொன் இருக்கிறதா?"

"பொன்னா? இடுப்பில் துணியே இல்லை."

"சீ! எங்கே தங்கப் போகிறானாம்?"

"அரசியாரின் அறையில்."

ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்துவிட்டார். மீசை துடித்தது. "எப்போது திரும்பிப் போவானாம்?"

"போகிற எண்ணமே இல்லை, மன்னா. ஆயுசுக்கும் இங்கேதான். உங்கள் காலத்துக்குப் பிறகு இந்தச் சிம்மாசனத்தில் உட்காரும் உத்தேசம்கூட உண்டு."

"ராஜத்துரோகம்!" என்று கடம்பராயர் கத்தினார். "சட்டப்படி வந்த வழியே திருப்பி அனுப்புங்கள், மன்னா!"

"அப்படியே செய்! வந்த வழியே திருப்பி அனுப்பு! இப்போதே!"

நக்கண்ணன் கைகட்டி நின்றான். "உத்தரவு, மன்னா. ஆனால் அது வரும் வழியில் நமக்கெல்லாம் கைப்பழக்கம் இல்லை. அந்த வழி தெரிந்த ஒரே ஆள் துறைமுகத்தில் படகில் உட்கார்ந்திருக்கிறாள்."

"யார் அது?"

"பேச்சியம்மாள். மருத்துவச்சி."

அந்தப்புரத்திலிருந்து அரசி வலியில் அலறுவது இப்போது எல்லோருக்கும் கேட்டது. ராஜாவின் முகம் வெளுத்தது. அடுத்த கணம் கிரீடம் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். சிப்பித்தீவின் மன்னர் துறைமுகத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். அதிகாரி ஏதோ கேட்க வாயெடுத்தான். ராஜா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

சாயங்காலத்துக்குள் பெண்குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் முத்துமாலையைக் கழற்றி நக்கண்ணன் கழுத்தில் போட்டார். அப்போதும் கடம்பராயர் சும்மா இருக்கவில்லை.

"எல்லாம் சரி, மன்னா. ஆனாலும் இளவரசியார் சீட்டில்லாமல் வந்தவர்தானே? சட்டம் என்று ஒன்று..."

"வாஸ்தவம்" என்றான் நக்கண்ணன். "நாங்கள் எல்லோரும் அப்படிச் சீட்டில்லாமல் வந்தவர்கள்தான். அமைச்சர் மட்டும் சீட்டோடு பிறந்திருப்பார் போல. அப்படியானால் அதில் திரும்பிப் போகும் தேதியும் இருக்குமே?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அமைச்சர் பக்கம் திரும்பி, துறைமுக அதிகாரியின் குரலிலேயே கேட்டார்:

"சொல்லும் கடம்பராயரே, எப்போது போகிறீர்?"