பச்சைப்பசேல் விருந்து

ராமநாதபுரத்துப் பக்கம் ஒரு ஊரில் மழை பொய்த்து நெல் மொத்தமும் கருகிப்போச்சு. வறட்சியைப் பார்வையிட வந்த அதிகாரி ஆளவந்தார் ஜீப்பைவிட்டு இறங்காமலே ஊரைச் சுற்றினார். வறண்ட கண்மாய்க்குள் காடாய் மண்டிய சீமைக் கருவேலத்தைக் காட்டி, "எங்க பாத்தாலும் பச்சைப்பசேல்னு இருக்கு. நிவாரணம் கேக்க வெக்கமா இல்ல?" என்று ஊராரை ஏசிவிட்டு, ஊரார் ஏற்பாடு செய்திருந்த விருந்துக்கு நேரே போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்.

சமையலுக்கு வந்திருந்த உள்ளூர்க்காரி இருளாயி காதிலும் அந்த ஏச்சு விழுந்திருந்தது. அவருக்கென்றே டவுனிலிருந்து வாங்கி வந்த தலைவாழை இலையை விரித்து, கருவேலந்தழையை அள்ளி வைத்தாள்.

"எங்க ஊர்ப் பச்சை இதுதாங்கய்யா. வயிறாரச் சாப்பிடுங்க."

"என்ன திமிரா? இதை மாடுகூடத் திங்காதே!"

"இப்பச் சொன்னீங்களே, அதை அப்படியே மேல எழுதிப் போடுங்க. சோறு அப்புறம் வரும்."