சலங்கை வாங்கப் போன எருமை

"டீச்சர், இந்தப் படத்தையெல்லாம் கண்மாயில போட்டுடப் போறேன்" என்றார் மாசிலாமணி.

நாச்சம்மை அடுப்பில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். குழந்தைகளுக்குப் படப் புத்தகம் செய்வது அவர் தொழில்.

மாசிலாமணிக்கு ஐம்பத்தாறு வயது. பஸ்களுக்குப் பெயர் எழுதி ஓய்ந்த பிறகு, தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான நாச்சம்மையிடம் படம் வரையக் கற்றுக்கொள்ள வந்தவர்.

"ஏன்?"

"எருமைப் பாட்டுக்கு எட்டு மாசமா வரைஞ்சேன். நேத்து பள்ளிக்கூடத்துல காட்டினேன். பிள்ளைங்க கையைக் கட்டிக்கிட்டுப் பாத்துச்சுங்க. நல்லாருக்குன்னு சொல்லிச்சுங்க."

"அவ்வளவுதானா?"

"ஒரு பொண்ணு மட்டும், 'இந்த எருமைக்குப் பாட்டே கேக்கலை'ன்னுச்சு."

அது நடவு வயலில் பெண்கள் பாடும் பாட்டு. ஓர் எருமை சலங்கை வாங்கச் சந்தைக்குப் புறப்படும். வழியில் பார்க்கிறவர்களெல்லாம் அதன் பின்னாலேயே கிளம்பிவிடுவார்கள்.

மாசிலாமணி படங்களை நீட்டினார். நாச்சம்மை வாங்கவில்லை.

"பாடுங்க."

"எதை?"

"எருமைப் பாட்டை."

மாசிலாமணி பையிலிருந்து நோட்டை எடுத்தார். "பதினோரு ஊர்ல கேட்டு எழுதியிருக்கேன். வாசிக்கட்டுமா?"

"வாசிக்கச் சொல்லலை."

மாசிலாமணி நோட்டை மூடினார்.

"எனக்குப் பாட வராது டீச்சர்."

"யார் சொன்னது?"

அவர் நோட்டைப் பையில் திரும்ப வைத்தார்.

"நாலாங் கிளாஸ் வாத்தியார். ஆண்டு விழாவுல எல்லாரும் பாடணும். நீ வாயை மட்டும் அசைடா, சத்தம் வரக்கூடாதுன்னுட்டார்."

"அப்புறம்?"

"இன்னிக்கு வரைக்கும் வாயை மட்டும்தான் அசைக்கிறேன். எம் பொண்ணு கல்யாணத்துலகூட."

நாச்சம்மை அடுப்பை அணைத்தார். ஒரு கட்டு வெள்ளைத் தாளும் தூரிகையும் மையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு தம்ளர் டீயும் வைத்தார்.

"பாடிக்கிட்டே வரைங்க."

"சிரிப்பீங்க."

"ஆமா, சிரிப்பேன்."

மாசிலாமணி தொண்டையைக் கனைத்தார்.

எருமையக்கா எருமையக்கா எங்கே போறீக,
ஏரி தாண்டிச் சந்தைக்குத்தான் சலங்கை வாங்கவே...

எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பி போல இருந்தது குரல். நாச்சம்மை வாய்விட்டுச் சிரித்தார். மாசிலாமணி நிறுத்தினார்.

"நிறுத்தாதீங்க. எருமை ஏரிக்கரையிலேயே நிக்குது."

அவர் மறுபடி தொடங்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவது அடியில் அவரும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பாடினார்.

தூரிகை ஓடியது. எருமைக்குப் பின்னால் நாவிதர் கிளம்பினார். கத்தரிக்காய்க் கூடையோடு ஒருத்தி கிளம்பினாள். அவளுக்குப் பின்னால் இரண்டு கொக்குகள்.

நாச்சம்மை பசைச் சட்டியில் கரண்டியால் தாளம் போட்டார்.

எருமை சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. நாலு காலுக்கும் சலங்கை வாங்கியது. பாட்டு முடிந்தது. மாசிலாமணி முடிக்கவில்லை. முதல் அடிக்கே திரும்பிப் போய், இன்னும் உரக்கப் பாடினார். மையென்று நினைத்துத் தூரிகையை டீயில் தோய்த்தார். சந்தை முழுக்கப் பழுப்பு வெயில் அடித்தது.

மூச்சு வாங்கியபோதுதான் நிறுத்தினார். அவரைச் சுற்றித் தரையெல்லாம் தாள்கள். ஒன்றை எடுத்து உற்றுப் பார்த்தார். எருமையின் கால் நான்கா ஐந்தா என்று அவருக்கே தெரியவில்லை.

தாளைத் தூக்கிக் காட்டினார்.

"டீச்சர், எருமை சரியா வந்திருக்கா?"

நாச்சம்மை முந்தானையால் முகத்து வேர்வையைத் துடைத்தார்.

"யாரு பாத்தா? நான் ஆடிக்கிட்டில்ல இருந்தேன்."