வெள்ளச்சியின் நாலாவது கால்

காலை நீட்டிப் படுடி கயலு. போர்வைய மொத்தமா இழுக்காத, அத்தைக்கும் குளிரும்ல. நடுவுல 'ம்' கொட்டலேன்னா நிறுத்திருவேன், ஆமா. இது சிரிக்கிற கதை இல்ல. அப்புறம் அழுதுட்டு உங்கப்பன்கிட்ட போய் வத்தி வைக்கக் கூடாது.

ஒரு ஊர்ல ஒரு படம் போடுறவ இருந்தா. ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல, படம் போடுறவதான். வசுமதின்னு பேரு. பட்டணத்துல இருந்து வந்து, கண்மாய்க்கரை ஓரமா ஒரு ஓட்டு வீட்டுல வாடகைக்கு இருந்தா. ஆடு, மாடு, கழுதை தவிர வேற எதையும் போட மாட்டா. அதுவும் எப்படிப் போடுவாங்கிற? ஆடு பச்சையா இருக்கும். கழுதை செக்கச்செவேல்னு இருக்கும். பாதிதான் கழுதை, மீதி வெறும் கலரு. காது ஒரு பக்கம் மெதக்கும், கண்ணு ஒரு பக்கம் நிக்கும். ஆனா பாத்த ஒடனே கழுதைன்னு தெரிஞ்சிரும். என்னடி, நெசமாவே பச்சை ஆடு இருக்குமான்னா கேக்குற? இருக்காதுடி. அவ கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சுச்சு, போட்டா.

அதே ஊர்ல காத்தாயின்னு ஒருத்தி. புருஷன் போய்ச் சேந்துட்டான், பிள்ளைகுட்டி கெடையாது. அவளுக்குன்னு இருந்தது வெள்ளச்சிங்கிற பசுமாடு ஒண்ணுதான். சோறு திங்கறதும் அது பாலை வித்துத்தான், வாய் பேசுறதும் அதுகிட்டதான். "ஏண்டி, வெயிலாவா இருக்கு? நெழலுக்கு வாடி"ன்னு மாட்டோட பேசிக்கிட்டே போவா. ம் கொட்டு. ஆங்.

அப்போ ஒரு நாள், வெள்ளச்சி கண்மாய்ல தண்ணி குடிச்சிட்டுக் கரையேறி வர்றத வசுமதி பாத்துட்டா. விறுவிறுன்னு உள்ள ஓடி, சரக் சரக்குன்னு தூரிகைய இழுத்தா. வெள்ளை மாடு நீல மாடாயிருச்சு. கொம்பு ரெண்டும் மஞ்சளு. வயித்துல பெரிய செவப்பு வட்டம். காலு மட்டும் மூணுதான். நாலாவது காலு வர்ற எடத்துல மஞ்சளா வெயில அள்ளி அப்பிட்டா.

அப்புறம் காத்தாயியக் கூப்பிட்டுக் காட்டினா. காத்தாயி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. "எம் மாட்டுக்கு நீலச் சீலை கட்டிவிட்டுட்டியே தாயி!" அப்புறம் கீழ பாத்தா. சிரிப்பு நின்னு போச்சு.

"காலு ஒண்ணு கொறையுதே?"

"அந்த எடத்துக்கு வெயில்தான்க்கா வேணும்."

காத்தாயி ஓடிப் போயி வெள்ளச்சியோட நாலு காலையும் தடவிப் பாத்தா. ஏன்னா அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. மாட்டுக்கு நோவு வந்தா, மண்ணுல மாடு செஞ்சு அய்யனாருக்கு வெப்பாங்க. அந்த மண்ணு மாட்டுல ஒரு காது ஒடஞ்சிருந்தாக்கூட வெக்க மாட்டாங்க. உருவத்துல கொறை இருந்தா மாட்டுக்கும் கொறை வந்துரும்னு பயம். வசுமதிக்கு இதுல பாதி தெரியும், மீதி தெரியாது.

கொஞ்ச நாள்தான். வெள்ளச்சி கண்மாய்க் கல்லுல வழுக்கித் தொப்புன்னு விழுந்துச்சு. படத்துல எந்தக் காலு இல்லையோ, அதே பின்னங்காலுதான்டி. கல்லு கிழிச்சு, சீழ் வெச்சு, பூசணிக்கா மாதிரி வீங்கிப் போச்சு. ம்ம்மா, ம்ம்மான்னு கத்துது பாவம்.

காத்தாயி ஓடி வந்தா. "அந்தக் காலைப் போட்டுரு தாயி."

"படத்துக்கும் மாட்டுக்கும் என்னக்கா சம்பந்தம்? நான் டாக்டரக் கூட்டியாறேன்"னா வசுமதி. சொன்ன மாதிரியே மாட்டு டாக்டரக் கூட்டியாந்தா. அவரு ஊசி போட்டாரு, புண்ணக் கழுவி மருந்து வெச்சுக் கட்டினாரு. "தெனமும் கட்டணும்மா, மாத்திரைய வெல்லத்துல வெச்சுக் குடுங்க. பாதியில நிறுத்தினா மாடு நிக்காது"ன்னாரு.

ரெண்டாவது தடவ வந்து, வசுமதி வாசல்லயே உக்காந்துட்டா காத்தாயி. சோறு இல்ல, தண்ணி இல்ல. "கால் போட்டா என் படம் செத்துரும்க்கா"ன்னு கதவச் சாத்திக்கிட்டா வசுமதி. பாரேன், அவளுக்கு இருந்த திமிர! இத்தனைக்கும் மருந்து வேலை செஞ்சு, புண்ணு ஓரத்துல காய ஆரம்பிச்சிருந்துச்சு.

மூணாவது தடவ, காத்தாயி பொத்துன்னு அவ கால்ல விழுந்துட்டா. வயசுல மூத்தவடி! ஆத்தா வயசு. வசுமதி பதறிப் போயிட்டா. "எந்திரிங்கக்கா, எந்திரிங்க, போட்டுர்றேன்."

கறகறன்னு அந்த மஞ்சளச் சுரண்டி எடுத்தா. ஒரு நீலக் காலப் போட்டா. படம் சப்புன்னு ஆயிருச்சு. ஆனா காத்தாயி மொகத்தப் பாக்கணுமே! படத்துக்குக் குங்குமம் வெச்சு, சூடம் காட்டி, கன்னத்துல போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனா. நல்ல காரியம் பண்ணிட்டோம்னு வசுமதியும் நிம்மதியாத் தூங்கினா.

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

அப்புறம் ஒரு நாள் வசுமதி காத்தாயிய வழியில பாத்து, "மருந்து கட்டுறீங்கல்லக்கா?"ன்னு கேட்டா.

"மருந்தா? உருவம் வெச்ச பெறகு மருந்து போடலாமா தாயி? சாமிய நம்பலேன்னு ஆயிருமே. நீ காலு போட்ட அன்னிக்கே நிறுத்திட்டேன்."

அந்த மீதி வழக்கந்தான் வசுமதிக்குத் தெரியாது. அய்யோன்னு தொழுவத்துக்கு ஓடினா. கொய்ங்னு ஈ மொய்க்குது. வெள்ளச்சி தலையத் தரையில போட்டுக் கெடக்கு. டாக்டரு வந்து தொட்டுப் பாத்துட்டுப் பையை மூடிட்டாரு. சாயங்காலம் மாடு போயிருச்சு.

அழாதடி. நாந்தான் முன்னாடியே சொன்னேன்ல. மூக்கச் சிந்து.

மாட்டப் பொதைச்சிட்டு, காத்தாயி நேரா வசுமதி வீட்டுக்கு வந்தா. கோவமெல்லாம் இல்ல. பித்துப் பிடிச்சவ மாதிரி கேட்டா. "எல்லாம் சரியாத்தானே தாயி செஞ்சோம்? பின்ன ஏன் போச்சு? நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?"

மருந்த நிறுத்தினதாலதான்னு சொல்ல வாயெடுத்துட்டா வசுமதி. சொன்னா என்ன ஆகும்? எம் மாட்ட நானே கொன்னுட்டேன்னு காத்தாயிக்குத் தெரிஞ்சு போகும். அப்புறம் அவ உசிரோட இருப்பாளா?

"நீங்க ஒரு தப்பும் பண்ணலக்கா. நான்தான் அந்தக் கால வேண்டா வெறுப்பாப் போட்டேன். மனசாரப் போடல. அதான் பலிக்கல."

காத்தாயி குனிஞ்சு மண்ண வாரி வாரித் தூத்தினா. "பாவி! கால்ல விழுந்தேனேடி! நீ வெளங்குவியா?" ஊரே கூடிருச்சு. அத்தனையையும் வாங்கிக்கிட்டா வசுமதி. அடுத்த நாளே வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் அவ ஆடு மாடு போட்டதா யாரும் சொல்லக் கேக்கல.

என்னடி முனகுற? பொய்தானேன்னா? வேண்டா வெறுப்பாப் போட்டது நெசம்டி. மாடு செத்தது அதனால இல்ல, அதுவும் நெசம். எனக்கு அவ மேல கோவமும் வருது, அழுகையும் வருது, போ.

காத்தாயி ரொம்ப வருஷம் இருந்தா. கஞ்சி குடிக்கிறப்ப எல்லாம் வசுமதியத் திட்டுவா. கடைசி வரைக்கும் அவளையேதான் திட்டினா, தன்ன ஒரு நாளும் திட்டிக்கல.

அம்புட்டுதான், இதுக்கு மேல கதையில்ல. திரும்பிப் படு, கண்ண மூடு.