மூணு வயசுக் கை

கடலுக்கு இந்தப் பக்கம், உப்பளத்துக்கு அந்தப் பக்கம், சங்குமுனைன்னு ஒரு ஊராம். அந்த ஊர்ல மதலேனாள்னு ஒரு அம்மா இருந்தாங்களாம். இன்னிக்கு அங்க கோயில் பீடத்துல ஓலைப்பெட்டியோட சுரூபமா நிக்கிறாங்களே, அவங்களேதான். அப்போ அவங்க சுரூபமா என்ன, புருசனைக் கடலுக்குக் கொடுத்துட்டு ஒட்டுப்போட்ட சேலையில நடந்த ஒரு பொம்பள.

வீடு வீடாப் போவாங்க. "உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசிய எடுத்து வைங்க தாயி, இல்லாதவங்களுக்கு ஆகும்." எல்லாரும் வச்சாங்க. பத்து வள்ளத்துக்குச் சொந்தக்காரரான கஸ்பார் சம்மாட்டி மட்டும் வைக்கல. முதல் நாள் அவங்க போனாங்க, கதவச் சாத்தினாரு. ரெண்டாம் நாள் போனாங்க, நாய அவிழ்த்துவிட்டாரு. மூணாம் நாள் போனாங்க, அந்த நாயே வாலாட்டிக்கிட்டு அவங்க காலடியில படுத்துக்கிடுச்சு.

ஊரே பாக்குது. அவரோட இளம் பொண்டாட்டி சலேத்து அரிசிப் பானையில கை வச்சா.

"ஏளா, நீ அள்ளாத. கித்தேரிய அள்ளச் சொல்லு. வீட்டுக்கு ஒரு பிடிதான், அதுக்கு மேல ஒரு மணி கிடையாது"ன்னாரு சம்மாட்டி.

கித்தேரி சம்மாட்டியோட மக. மூணு வயசு. அந்தக் கையில எம்புட்டு அரிசி நிக்கும்னு நீயே பாத்துக்கோ. மதலேனாம்மா பெட்டிய நீட்டி வாங்கிக்கிட்டு, அந்தக் கையில முத்தம் வச்சாங்க. மறுநாளும் அப்படித்தான், அதுக்கு மறுநாளும் அப்படித்தான். பெட்டியக் கண்டாலே கித்தேரி ஓடி வருவா.

அப்புறம் ஐப்பசிப் புயல் வந்துது. வள்ளம் போச்சு, வீடு போச்சு, அரிசியும் போச்சு. சலேத்து மடியில பிறந்து இருபது நாளான ஆண்பிள்ளை. பசியில அவளுக்குப் பால் வத்திப்போச்சு. பிள்ளை அழுதவரைக்கும் அவளுக்குத் தைரியம் இருந்துது. அழுகை நின்னதும் பயந்துட்டா.

மதலேனாம்மா அந்தப் பிடியரிசிய எல்லாம் கோயில் மண்குலுக்கையில சேத்து வச்சிருந்தாங்க, அதுக்கு வரிசை நின்னுது. கஸ்பார் பெரிய பெட்டியோட முன்னால நின்னாரு.

"போட்ட கையாலேயே வாங்கும், சம்மாட்டி"ன்னாரு குலுக்கையப் பாத்துக்கிட்ட இன்னாசிக் கிழவர்.

"என் பிள்ளைதானே, அள்ளிக் கொட்டுவா."

கித்தேரி ஒரு பிடி போட்டா. நிறுத்திட்டா.

"இன்னும் போடு ராசாத்தி."

"வீட்டுக்கு ஒரு பிடிதான்பா."

"அப்பாவுக்குப் போடும்மா."

"வீட்டுக்கு ஒரு பிடிதான்பா."

"போடு புள்ள!"

"நீங்கதானப்பா சொன்னீங்க."

சனங்க வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. கஸ்பார் பெட்டிக்குள்ள எட்டிப் பாத்தாரு. அரிசி ஒரு மூலைக்குக்கூடக் காணல. "இவ்வளவுதானா நான் போட்டது?"ன்னு கேட்டாரு.

சலேத்து மட்டும் சிரிக்கல. மதலேனாம்மா தன் பங்கு அரிசிய எடுத்து அவ முந்தானையில கொட்டினாங்க.

"அது வீட்டுக்கு. இது பால் கொடுக்கிறவளுக்கு."

அன்னிக்கு மதலேனாம்மா குடிச்சது வெறும் தண்ணி. சாயந்தரம் சலேத்து பிள்ளை ஊரே கேக்க அழுதுது. அவ அதக் கேட்டுச் சிரிச்சா.

இன்னிக்கும் அந்த ஊர்ல பிடியரிசியில முதல் பிடி சின்னப் பிள்ளை கை. அடுத்தது அப்பா, ரெண்டு கையும் சேத்து. அத ஆரம்பிச்சு வச்சதே கஸ்பார் சம்மாட்டிதான்.

அவங்க உலையும் கொதிச்சுது, நம்ம கதையும் வெந்துது. எங்க, உன் கையக் காட்டு. இம்புட்டுதானா? இது போதும் கண்ணு.